வெள்ளத்தில் ஊர் மாறிப் போனவர்களின் வாய்மொழி: எப்படிப் பதிவது, யாரிடம் சேர்ப்பது?

#1 கிள்ளான்கரை

வணக்கம். மலேசியாவில் 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் பக்கமிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போன தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு குழு தயாராகிறது. கையில் இருப்பது இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி. ஆர்வத்துக்குக் குறைவில்லை, முறைதான் தெரிய வேண்டும். என்ன கேட்பது, எப்படிப் பதிவது, பதிந்ததை யார் கையில் கொடுத்தால் வேலை நடக்கும்? "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்ற பதில் வேண்டாம். செய்முறை சொல்லுங்கள்.

#2 நீர்மட்டம்

யாரைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சமூகநலத் துறையின் இன்ஃபோ பென்சானா பக்கத்தில் ஏறி இறங்கும் எண்ணிக்கை, பிபிஎஸ் எனும் தற்காலிகத் துயர்துடைப்பு மண்டபங்களில் பெயர் பதிந்தவர்களுடையது. அக்கா வீட்டு மாடிக்குப் போனவர், முதலாளி கடைக்கு மேலே படுத்தவர், வாடகைக்கு ராவாங் போய் அங்கேயே தங்கிவிட்டவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. மண்டபத்தை மூடும் அன்று எண்ணிக்கை பூஜ்யம் ஆகிவிடும். வீடு திரும்பாதவர் அன்றோடு கணக்கிலிருந்து மறைகிறார். ஜெனீவாவிலுள்ள உள்நாட்டு இடப்பெயர்வு கண்காணிப்பு மையம் வேறு மாதிரி எண்ணுகிறது: பேரிடர்களுக்கு அது ஆண்டுதோறும் சொல்லும் பெரிய எண், ஆட்களின் எண்ணிக்கை அல்ல, நகர்வுகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் மூன்று முறை நகர்ந்தால் மூன்று முறையும் எண்ணப்படும்.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டிய முதல் விவரம் நகர்வுச் சங்கிலி. எந்தத் தேதியில் எந்த இடத்திலிருந்து எங்கே, ஏன், வாடகை எவ்வளவு, பள்ளி மாறியதா, வேலைக்குப் போகும் தூரம் எவ்வளவு கூடியது. இதை ஒரு தாளில் கோடு போட்டு அவர் கண் முன்னாலேயே வரையுங்கள். "இல்ல, அதுக்கு நடுவுல தம்பி வீட்ல ரெண்டு மாசம்" என்று அவரே திருத்துவார்.

அடுத்து தண்ணீரின் உயரம். "கழுத்தளவு", "ஆள் உயரம்" என்பதை அப்படியே எழுதிக்கொண்டு, கூடவே அளந்தும் எழுதுங்கள். சுவரில் தெரியும் ஈரக்கோட்டை நம்பாதீர்கள். செங்கல்லும் பூச்சும் தண்ணீரை மேலே உறிஞ்சும், அதனால் ஈரக்கோடு உண்மையான நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும். சேறு படிந்த கோடுதான் கணக்கு. அதையும் உறிஞ்சாத பரப்பில் பாருங்கள்: கண்ணாடி, குளியலறை டைல்ஸ், குளிர்பதனப் பெட்டிக் கதவு, பிளாஸ்டிக் தொட்டி. வெள்ளம் பழையது, வீட்டுக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது என்றால் அலமாரியின் உள்புறம், மின்மீட்டர் பெட்டியின் பின்பக்கம், இரும்புக் கேட்டின் கீல் இடுக்கு. உள்தரையிலிருந்து அளந்து, வெளிச் சாலையிலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதையும் தனியாக எழுதுங்கள். இது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அளவோடு ஒப்பிட முடியாது.

பழைய படங்கள் அவர்கள் கைப்பேசியில் இருந்தால் மூலக் கோப்பையே வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தங்கும்.

#3 ஒலிப்பெட்டி

ஒலி பற்றி நான் சொல்கிறேன். தனி ரெக்கார்டர் வாங்கத் தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆனால் சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்று வாங்குங்கள், முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். புடவை, துப்பட்டா உரசினால் கரகரப்பு வரும், அதனால் துணி அசையாத பக்கமாகப் பார்த்துக் குத்த வேண்டும்.

டபிள்யூஏவி வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றை ஒலித்தடம். மணிக்கு சுமார் 346 மெகாபைட் பிடிக்கும். அதற்கேற்ப முன்கூட்டியே இடம் காலி செய்துகொள்ளுங்கள், பாதியில் நின்றால் அவரை மறுபடி சொல்ல வைப்பது கொடுமை. ஒலியளவு உச்சத்தில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் ஆடட்டும். விமானப் பயன்முறை கட்டாயம். அழைப்பு வந்தால் சில கைப்பேசிகளில் பதிவு நின்றுவிடும், ஓசையில்லாமல்.

பிபிஆர் எனும் அரசாங்க மலிவு விலை அடுக்குமாடி வீட்டு முன்கூடம் எதிரொலிக்கும். துணிமணி, மெத்தை உள்ள படுக்கையறையில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவே வேண்டாம். ஒலிக்காக மட்டும் சொல்லவில்லை. வெள்ளம் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு.

ஆரம்பத்தில் யாரும் பேசாமல் 30 வினாடி அறை ஓசையைப் பிடித்து வையுங்கள், பின்னால் வெட்டி ஒட்டும்போது தேவைப்படும். பிறகு தேதி, குறியீட்டு எண் மட்டும் சொல்லுங்கள். பெயர் சொல்லாதீர்கள்.

#4 தாமான்வாசி

ஒரு அடிப்படைக் கேள்வி அண்ணே. இவங்க எல்லாரையும் பருவநிலை மாற்றத்தால இடம்பெயர்ந்தவங்கன்னு சொல்லலாமா? ஸ்ரீ மூடா தாழ்வான இடம், ஆத்து ஓரம். பம்பு ஓடலன்னு சொல்றாங்க, கால்வாய் அடைப்புன்னு சொல்றாங்க. அதிகாரிங்ககிட்ட போய் பருவநிலைன்னு சொன்னா "அப்ப எங்க தப்பு இல்ல"ன்னு கை கழுவிடுவாங்களே?

#5 நீர்மட்டம்

@தாமான்வாசி, இந்த இழையில் இதுவரை வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான் தம்பி.

2021 டிசம்பர் 16 அன்று 29டபிள்யூ என்ற வெப்பமண்டலத் தாழ்வுநிலை குவாந்தான் பக்கம் கரை ஏறியது. 17, 18 இரண்டு நாளும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஓயாத மழை. 19-ஆம் தேதி பௌர்ணமி. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும், கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் வடிவது தாமதமாகும். இதோடு தாழ்நிலம், கால்வாய், பம்பு. ஒரு வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு இத்தனை காரணம்.

பருவநிலையின் பங்கு இதில் எங்கே வருகிறது? காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். இது இயற்பியல். ஆனால் குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தில் அதன் பங்கு எத்தனை என்று கணக்கிடுவது ஆய்வாளர் வேலை. உங்களிடம் பேசும் அக்காவின் வேலை அல்ல. அவர் வாயில் "பருவநிலை மாற்றம்" என்ற சொல்லை வைக்காதீர்கள். கேட்பவர் வைத்த சொல் என்று எவரும் ஒரே வாசிப்பில் கண்டுபிடித்துவிடுவார், அதோடு முழு வாக்குமூலமும் போயிற்று.

அவரால் மட்டும் சொல்லக்கூடியது வேறு: எந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது, முன்னெச்சரிக்கை யார் மூலம் வந்தது அல்லது வரவில்லை. வயதானவர்களிடம் 1971 ஜனவரி கோலாலம்பூர் வெள்ளத்தைப் பற்றியும் கேளுங்கள். இப்படி ஐம்பது வீட்டு விவரம் சேர்ந்தால் அது எந்த ஆய்வாளருக்கும் பயன்படும், கால்வாய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. வானத்தின் மீது பழி போட்டால் பம்பு தப்பிக்கும் என்பது உங்கள் பயம். வீடு வாரியாக ஏறிய நேரத்தையும் வடிந்த நேரத்தையும் வரிசைப்படுத்தினால் அந்தத் தப்பிப்புக்கு வழி இல்லை.

#6 பட்டர்வொர்த் கரை

பினாங்குப் பக்கமிருந்து ஒரு சேர்க்கை. 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் தேதி யாருக்கும் நினைவிருக்காது. "தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு, சனிக்கிழமை ராத்திரி" என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்கும் 2021 வெள்ளத்துக்கு நல்ல கொக்கி மார்கழி. அந்த ஆண்டு மார்கழி பிறந்தது டிசம்பர் 16, வியாழன். விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு "மார்கழி மூணாம் நாள்" என்றால் சனிக்கிழமை 18 என்று தெரியும். தண்ணீர் ஏறிய நேரத்தையும் கடிகாரத்தால் கேட்காதீர்கள். விளக்கு வைக்கிற நேரமா, இரவுச் சாப்பாடு ஆகிவிட்டதா, மின்சாரம் அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

பிறகு அந்த நேரத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ்ஸின் ஆற்று நீர்மட்டப் பதிவோடு ஒப்பிடலாம். பப்ளிக் இன்ஃபோ பன்ஜிர் தளத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று நான்கு அளவு உண்டு. பழைய ஆண்டுகளின் தரவு வேண்டுமானால் நிலையத்தின் பெயர், தேதி குறிப்பிட்டு துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஒத்துப்போகாத வாக்குமூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு ஏறும் முன்பே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்றால் அது கால்வாய் வழியாக எதிர்த்து வந்த தண்ணீராக இருக்கலாம். அது தனிச் செய்தி.

#7 அரைவக்கீல்

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் தொடங்குகிறேன்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைக்குத்தான். உங்கள் குழுவுக்கு அது பொருந்தாமல் போகலாம். அதனால் பொறுப்பு குறையவில்லை, கூடுகிறது: அவரைக் காக்க வேறு வேலி இல்லை.

ஒப்புதலை ஒரே கையெழுத்தில் வாங்காதீர்கள். பதிவு செய்யலாமா என்பது ஒன்று. பெயர் இல்லாமல் எழுத்தில் பயன்படுத்தலாமா என்பது இன்னொன்று. குரல், முகம், பெயர் வெளியே வரலாமா என்பது முற்றிலும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆமாம், இல்லை. படிவம் தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்து, அவர் பதிலையே ஒலியில் வாங்குங்கள். எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம் என்பதையும் எழுதுங்கள். "எப்ப வேணும்னாலும் விலகலாம்" என்று எழுதுவது பொய், காணொளி ஒருமுறை பரவிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்), பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள பிள்ளைகள், பெர்மிட் முடிந்த தொழிலாளர்கள் எல்லாரும் அந்த வெள்ளத்தில் இருந்தார்கள். இவர்களுக்கு முகத்தை மங்கலாக்கினால் மட்டும் போதாது. வீட்டு எண், கார் பலகை, பள்ளிச் சீருடைச் சின்னம், பின்னால் தெரியும் கோயில் கோபுரம் எதுவும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலைச் சுருதி மாற்றி வெளியிடுவதும் ஆபத்து, திருப்பிச் சரிசெய்துவிடலாம். எழுத்தாக்கி வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தவர் வேறு ஆள் என்று திரையில் போடுங்கள்.

இன்னொன்று. "அந்தக் குத்தகைக்காரன் காசைத் தின்னுட்டான்" என்று பேசுபவர் பெயரோடு சொன்னால், அதை அப்படியே வெளியிடும் உங்கள் மீதும் அவதூறு வழக்கு வரலாம். "கால்வாய்க் கதவு மூடியே இருந்தது, நான் பார்த்தேன்" என்பது கண்ட செய்தி. முந்தியது ஊகம். மூலப் பதிவில் இரண்டும் இருக்கட்டும், வெளியீட்டில் பிந்தியது மட்டும்.

#8 தாமான்வாசி

இவ்ளோ கோப்பு எழுதி யாரு படிப்பா? ஒரு நிமிஷ வீடியோ டிக்டாக்ல போட்டா மறுநாளே ஒய்பி, அதான் நம்ம தொகுதி உறுப்பினர், வந்து நிப்பாரு. அதுதான் நம்ம நாட்டு நிலவரம்.

#9 அரைவக்கீல்

வந்து நிற்பார், படம் எடுப்பார், அரிசி மூட்டை கொடுப்பார். அடுத்த மழைக்கு?

#10 ஒலிப்பெட்டி

இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முழுப் பதிவும் எழுத்தாக்கமும் முடிந்த பிறகே துண்டு வெட்ட வேண்டும். வெட்டிய அந்தத் துண்டையே அவருக்குப் போட்டுக் காட்டி மறுபடி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சம்மதித்தவர், தான் அழுத 40 வினாடிக்குச் சம்மதித்ததாக ஆகாது. மலாய் மொழிபெயர்ப்பு வரிகளைக் காணொளியிலேயே பதித்துவிடுங்கள், பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். சோகப் பின்னணி இசை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அது பேசுபவரை நம்பாததற்கு அடையாளம்.

#11 மல்லிகைக்கொடி

எல்லாரும் "அவர்" "இவர்" என்கிறீர்கள். வீட்டுக்குப் போனால் முன்கூடத்தில் உட்கார்ந்து பேசப்போவது அண்ணன்தான். அக்கா தேநீர் போட உள்ளே போய்விடுவார். குடும்பத்தோடு ஒரே அமர்வு என்று வைத்தால் பாதி வெள்ளம் பதிவாகாது. பெண்களைப் பெண்களே தனியாகச் சந்தியுங்கள். மண்டபத்தில் கழிவறை எப்படி, மாதவிலக்குத் துணி எப்படிக் கிடைத்தது, பால் கொடுக்க மறைவு இருந்ததா, மாமியாருக்கு இன்சுலின் எங்கே வைத்தார்கள். இதையெல்லாம் ஆண்கள் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இழப்புப் பட்டியலும் அவர்களிடம்தான் இருக்கும். புள்ளிவிவரத் துறை 2021 வெள்ள இழப்பை 6.1 பில்லியன் ரிங்கிட் என்றது, அதில் வீடுகளுக்கு 1.6 பில்லியன். அடகுச் சீட்டு கரைந்துபோனதும், கூட்டுச் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் பேர் கெட்டதும் எந்தத் துறைப் படிவத்திலும் கட்டம் இல்லாத இழப்புகள். ஒரு வீட்டுக்கு 1,000 ரிங்கிட் வாங் இசான் எனும் அரசாங்க வெள்ள உதவித்தொகை கிடைத்ததா, யார் பெயரில் வந்தது, ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் என்ன ஆனது என்பதையும் கேளுங்கள்.

"எப்படி உணர்ந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அன்னிக்குக் காலையில எழுந்ததிலிருந்து சொல்லுங்க அக்கா" என்றால் போதும். குரல் தடுமாறினால் பதிவை நிறுத்துவதாக வாயால் சொல்லி, அவர் பார்க்க நிறுத்துங்கள். பிபிஎஸ்ஸில் இருப்பவர்களிடம் அந்த வாரமே போகாதீர்கள். நுழைய அங்குள்ள பொறுப்பாளரின் அனுமதி வேண்டும், கிடைத்தாலும் அது மறைவு இல்லாத இடம். சோற்று வரிசையில் நிற்பவர் எதற்கும் சரி என்பார், அது ஒப்புதல் இல்லை.

#12 கிள்ளான்கரை

@மல்லிகைக்கொடி, நன்றி அக்கா. பணம் கொடுக்கலாமா?

#13 மல்லிகைக்கொடி

வாக்குமூலத்துக்கு விலை கூடாது. ஆனால் நாள்கூலிக்காரர் ஒரு நாள் விட்டு வந்தால் கூலியையும் பேருந்துக் காசையும் ஈடுகட்டலாம். எல்லாருக்கும் ஒரே தொகை, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பாதியில் எழுந்து போனாலும் கொடுக்க வேண்டும்.

#14 நீர்மட்டம்

எழுத்தாக்கம் பற்றி. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். விஸ்பர் போன்ற தானியங்கிக் கருவிகள் முதல் 30 வினாடியைக் கேட்டு மொழியை முடிவு செய்துகொள்ளும். நம்மவர் பேச்சில் "ஆயர் நாயேக் ஆயிடுச்சு, லோரிக்குக் காத்திருந்தோம்" (தண்ணீர் ஏறிவிட்டது என்று பொருள்) என்று மலாய் கலந்து வரும்போது தடுமாறும். மௌனமான இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தையே எழுதிவிடும். வெள்ளத்தைப் பற்றிப் பேசுபவர் நிறைய மௌனமாக இருப்பார். எனவே தானியங்கி வரைவை ஒலியோடு வரி வரியாக ஒருவர் கேட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும். பேச்சை ஏட்டுத் தமிழாக மாற்றாதீர்கள், மலாய்ச் சொற்களையும் எடுக்காதீர்கள். மௌனத்தை நொடிக்கணக்கோடு குறியுங்கள்.

குடும்பத்துப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அப்பாவின் கடனையும் பயத்தையும் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது நியாயமில்லை, பிள்ளை பாதியை விழுங்கியும் விடும்.

#15 அரைவக்கீல்

இனி, யாரிடம் சேர்ப்பது. பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் வீணாகின்றன: தவறான மேசைக்குப் போய்ச் சேரும்.

தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், ஓடும் சாலையோரக் கால்வாய் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. ஸ்ரீ மூடா என்றால் ஷா ஆலம் மாநகர் மன்றம். ஆறு, அணைக்கரை, நீர்த்தேக்கக் குளம் என்றால் ஜேபிஎஸ். உதவித்தொகைப் பதிவு என்றால் சமூகநலத் துறையும் மாவட்ட அலுவலகமும். ஒரே மனுவில் மூன்றையும் போட்டால் மூவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். மூன்று மனு எழுதுங்கள், ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் நகல் போயிருப்பதைக் குறிப்பிடுங்கள்.

சிலாங்கூரில் சட்டமன்ற உறுப்பினருக்கு நகல் வையுங்கள். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அங்கே சட்டமன்ற உறுப்பினரே கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினர்தான். நகரத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதும்போதும் இந்த வேறுபாடு வரும்: சிலாங்கூருக்குச் சட்டம் 172, கோலாலம்பூருக்குச் சட்டம் 267. மாற்றி எழுதினால் அதை வைத்தே ஒதுக்கிவிடுவார்கள். உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வரும்போது "இந்த லோரோங்கில் (சந்தில்) தண்ணீர் இத்தனை சென்டிமீட்டர் நின்றது, இங்கே அடர்த்தியைக் கூட்டாதீர்கள்" என்று வீடு வாரியாகக் காட்டும் ஆட்சேபத்துக்கு எடை உண்டு.

மனு மலாயில், ஒரே பக்கம்: இடம், தேதி, உயரம், ஏறிய நேரம், வடிந்த நேரம், எத்தனை குடும்பம் திரும்பவில்லை, கேட்பது என்ன. வாக்குமூலத்திலிருந்து இரண்டு மூன்று வரி தமிழிலும் மலாயிலும். மற்றவை பின்னிணைப்பு. பெறப்பட்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். மனித உரிமைப் பிரச்சினையாக இருந்தால் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும் புகார் பதியலாம்.

அனைத்துலகச் சட்டத்தை மனுவில் கொட்டாதீர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா இல்லை, இருந்தாலும் நாட்டுக்குள்ளேயே நகர்ந்தவருக்கு அது பொருந்தாது. பொருந்துவது ஐநாவின் 1998 உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டு நெறிகள். இயற்கைப் பேரிடரால் வீடு விட்டவரையும் அவை சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஒரு வரி போதும். விவரத்தின் அருமைக்கு டெய்டியோட்டா வழக்கைப் பாருங்கள். கிரிபாத்தித் தீவுக்காரர், நியூசிலாந்து தன்னைத் திருப்பி அனுப்பியதை எதிர்த்து ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனார். உயிருக்கு ஆபத்தான நிலைக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை பருவநிலைக்கும் பொருந்தலாம் என்று 2020-இல் வெளியான முடிவு சொன்னது. ஆனால் அவர் தோற்றார். தீவு முழுவதற்கும் உள்ள இடர் தனக்குத் தனிப்பட்ட முறையில் உடனடி ஆபத்தாக இருந்ததை அவரால் காட்ட முடியவில்லை.

#16 தாமான்வாசி

சரி அண்ணே, ஒத்துக்கறேன். அப்ப எஸ்டேட் உடைஞ்சு பட்டணத்துக்கு வந்த கதையும் வருமே? பாதிப் பேரு அங்கிருந்துதான் தொடங்குவாங்க.

#17 நீர்மட்டம்

வரும், வரட்டும். நிறுத்தாதீர்கள். ஆனால் நகர்வுச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் காரணத்தைத் தனியாக எழுதுங்கள்: தோட்டம் விற்கப்பட்டது, புறம்போக்கு வீடு இடிக்கப்பட்டது, வெள்ளம். மூன்றையும் ஒரே தலைப்பில் கொட்டினால் எண்ணிக்கை பெருக்கிக் காட்டுகிறீர்கள் என்பார்கள். தனித்தனியாக இருந்தால், மலிவான தாழ்நிலத்துக்கு இவர்கள் ஏன் வந்தார்கள் என்பது பட்டியலிலேயே தெரியும்.

#18 கிள்ளான்கரை

கடைசியாக, எங்கே சேமிப்பது? இப்போதைக்குக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடலாம் என்றார்கள்.

#19 ஒலிப்பெட்டி

வேண்டவே வேண்டாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். வெளி வன்தட்டை வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் குறியீட்டு எண்ணும் மட்டும், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனி இடத்தில், தாளில் இருந்தாலும் சரி. ஒவ்வொருவருக்கும் அவருடைய பதிவின் நகலும் எழுத்தாக்கமும் பென்டிரைவில் போய்ச் சேர வேண்டும், மனு போவதற்கு முன்னால்.

வன்தட்டு எந்த வீட்டில் இருந்தாலும் மாடியில் இருக்கட்டும்.